பள்ளத்தூர் வீட்டுப் பங்காளிகள் குழு: பின்கட்டுக் குழாய்ல வேர்

திங்கள்

பெரியப்பச்சி, காலை 6:40
பின்கட்டுக் கக்கூஸ் மறுபடி அடைச்சுக்கிட்டு நிக்குது. தண்ணி ஊத்துனா குளுக் குளுக்குன்னு சத்தம் போட்டு மேல ஏறி வருது. போன மாசம்தான் லாரி வந்து தொட்டியை உறிஞ்சிட்டுப் போனாக. பிள்ளையார் நோன்புக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு.

சென்னைத் தம்பி, 6:52
நாங்க எட்டுப் பேர் வர்றோம் பெரியப்பச்சி. டிக்கெட் போட்டாச்சு.

கோலாலம்பூர் சித்தப்பா, 7:05
ரெண்டு பாட்டில் ஆசிட் ஊத்தச் சொல்லுங்க அண்ணே.

நான், 7:11
ஆசிட் வேணாம் சித்தப்பா. அது இணைப்புல உள்ள சிமெண்டைத்தான் தின்னும், புகை மூச்சை அடைக்கும். பெரியப்பச்சி, ரெண்டு இடம் பாத்துச் சொல்லுங்க. கக்கூஸை ஒட்டி இருக்க சின்னத் தொட்டியில தண்ணி நிக்குதா? செப்டிக் டேங்க்ல எவ்வளவு நிக்குது? டேங்க் மூடியைத் தொறந்தா குனிஞ்சு பாக்காதீங்க, தள்ளி நின்னு கம்பு விட்டுப் பாருங்க. பக்கத்துல தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

பெரியப்பச்சி, 7:48
சின்னத் தொட்டி விளிம்பு வரைக்கும் நிக்குது. டேங்க்ல தண்ணி குழாய் வாய்க்கு ஒரு சாண் கீழ கெடக்கு.

நான், 7:50
அப்ப டேங்க் மேல குத்தமில்ல. லாரிக்குக் குடுத்த காசும் வீண். நடுவுல இருக்க நாப்பது அடிக் குழாய்ல எங்கயோ அடைப்பு. அந்தப் பாதையிலதான் வேம்பு நிக்குது.

சிங்கப்பூர் அண்ணே, 8:15
நானும் அதைத்தான் நெனைச்சேன். மரத்தை எடுத்துருவோம். இன்னொரு கன்னு வேற எடத்துல வச்சுக்கலாம்.

பெரியாத்தா, 8:21 (குரல்பதிவு)
வேம்பு மேல யாரும் கை வைக்கப்படாது. உங்க அப்பத்தா கையால வச்ச கன்னு அது. வெயில் நேரத்துல மூணாங்கட்டுல மனுசன் இருக்க முடியுதுன்னா அந்த நெழல்தான். அம்மை போட்டப்ப உங்க எல்லாத்துக்கும் அதுல ஒடிச்ச கொழைதான். சொல்லிட்டேன்.

நான், 8:40
பெரியாத்தா சொல்றதுதான் சரி அண்ணே. பாசத்துக்காக மட்டும் சொல்லல. மரத்தை வெட்டுனாலும் குழாய் சரியாகாது. வேர் நல்ல குழாயை உடைச்சுக்கிட்டு உள்ள வர்றதில்ல. குழாய் முதல்ல கசியும், அந்த ஈரத்தைத் தேடித்தான் வேர் வரும். நம்ம மண்ணு செம்மண்ணு, சரளை. கோடையில கடப்பாறை எறங்காது. அந்தக் காஞ்ச பூமியில குழாய் போட்ட பள்ளம் மட்டும் தோண்டி மூடுனது, பொலபொலன்னு இருக்கும், ஈரமும் இருக்கும். வேருக்கு அதுதான் ராஜபாட்டை.

நம்ம வீட்டுல கெடக்குறது பழைய சுட்டமண் குழாய். ஒவ்வொரு துண்டும் ரெண்டடிதான். நாப்பது அடிக்கு பத்தொம்பது இணைப்பு. சணல்கயிறு அடைச்சு மேல சிமெண்டுக் கலவை பூசியிருக்காக. மண்ணு கொஞ்சம் அமுங்குனாலும் பூச்சு விரிசல் விடும். தலைமுடி கனத்துல ஒரு வேர் நுழைஞ்சாப் போதும், உள்ள போயி சடையா வளந்துரும். வீட்டுல இப்ப ரெண்டே பேர். தண்ணி வேகமா ஓடி அதை அலசிவிடவும் வழியில்ல. வருசத்துல ரெண்டு தடவை நாப்பது பேர் வந்து எறங்குறப்பதான் அடைப்பு தெரியுது.

சிங்கப்பூர் அண்ணே, 8:55
புரியுது. வெட்டுனா வேர் செத்துராதா?

நான், 8:58
வேம்பு அடிக்கட்டையில இருந்து மறுபடி தழைக்கும். அப்படியே செத்தாலும் வேர் மக்குன எடம் பொந்தாகி மண்ணு அமுங்கும், குழாய் இன்னும் தொங்கிப் போகும். கசிவு இருக்க வரைக்கும் பக்கத்துல இருக்க முருங்கை வரும், அதுவும் இல்லாட்டி வேற ஏதாச்சும் வரும்.

செவ்வாய்

கோட்டையூர் ஆச்சி, காலை 10:20
நான் வந்துட்டேன் தம்பி. ஆளுக மூங்கில் பிளாச்சு விட்டுப் பாத்தாக. பதினெட்டு அடியில முட்டிக்கிட்டு நின்னுருச்சு. வேம்புக்கு நேர் எதிர.

கோட்டையூர் ஆச்சி, 10:34
வந்தவுகள்ல ஒருத்தர் டேங்க் உள்ள எறங்கி அந்தப் பக்கமிருந்து குத்துறேன்னாரு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன்.

நான், 10:36
நல்ல காரியம் செஞ்சீக ஆச்சி. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளைக் கழிவுத் தொட்டியில எறக்குறது 2013-ஆம் வருசச் சட்டப்படி குத்தம். எறக்கிவிட்டவுக மேலதான் வழக்கு. அதைவிட, அந்த வாயு ரெண்டு மூச்சுல ஆளைச் சாச்சுரும். தூக்கப் போறவுகளும் அதுலயே போயிருவாக. நோன்பே நடக்காட்டியும் பரவாயில்ல, யாரும் எறங்கக் கூடாது.

பெரியப்பச்சி, 10:41
அவருக்குக் காப்பி குடுத்து ஒக்கார வச்சாச்சு. காரைக்குடியில இருந்து மிஷின் வருது.

கோட்டையூர் ஆச்சி, பகல் 1:05
(படம்)
மிஷின் கம்பி முனையில கத்தி மாட்டி விட்டாக. வெளிய வந்ததைப் பாருங்க. மூணு முழம் இருக்கு. சடை விழுந்த முடி கணக்கா இருக்கு. இப்பத் தண்ணி எறங்குது.

சென்னைத் தம்பி, 1:09
அப்பாடா. முடிஞ்சுச்சா?

நான், 1:14
முடியல தம்பி. இது முடி வெட்டுன மாதிரிதான். வெட்டுன வேர் திரும்ப வளரும், முன்னைவிட அடர்த்தியா. நோன்பு தாங்கும், தையில முன்னோருக்குப் போடுற படைப்புக்கு நம்ப முடியாது.

கோலாலம்பூர் சித்தப்பா, 1:30
மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைச்சு ஊத்துனா வேர் செத்துரும்னு இங்க ஒருத்தர் சொன்னாரு.

நான், 1:38
தொட்ட வேர் சாகும் சித்தப்பா, அது உண்மை. ஆனா டேங்க்ல கழிவை மக்கவைக்கிற கிருமியும் சேந்து அடி வாங்கலாம். தாமிரம் மண்ணுல தங்கிரும். நம்ம உறிஞ்சுகுழி கெணத்துப் பக்கம் இருக்கு, அதுக்கு அங்கிட்டு ஊருணி. மீனுக்கு அது நஞ்சு. நம்ம வீட்டு அடைப்புக்காக ஊருணியில விஷம் எறங்க வேணாம்.

கோலாலம்பூர் சித்தப்பா, 1:40
சரிப்பா. நீ சொல்றபடியே செய்வோம்.

சிங்கப்பூர் அண்ணே, இரவு 8:10
புதுக் குழாய்னா தளத்தை ஒடைக்கணுமே? முதல் பன்னெண்டு அடி பின்கட்டு ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியிலதான் போகுது. ஐயா காலத்துக் கல்லு. அந்தச் செவப்பு இப்பக் கெடைக்காது.

நான், 8:22
ஒரு கல்லைக்கூட எடுக்க வேணாம் அண்ணே. பழைய குழாயை அப்படியே விட்டுட்டு ரெண்டு வாயையும் கான்கிரீட் போட்டு அடைச்சுருவோம். புதுக் குழாய் கக்கூஸ் வெளிச்சுவர் வழியா எறங்கி, மதிலை ஒட்டிப் போகட்டும். வேம்பு அந்தக் கோடி, குழாய் இந்தக் கோடி. நாலு அடி கூடுதலாப் போகும், பரவாயில்ல.

110 மில்லிமீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் (கழிவுக்கும் மழைத்தண்ணிக்கும் உள்ள பிளாஸ்டிக் குழாய்), பி வகை. கடையில ஏ வகையைக் குடுத்துருவாக, அது காத்துக்கும் மழைத்தண்ணிக்கும் உள்ளது, கனம் கம்மி. பத்தடித் துண்டு அஞ்சு வாங்கினாப் போதும். பத்தொம்பது இணைப்பு இருந்த எடத்துல நேர் ஓட்டத்துல நாலுதான். நாப்பது அடிக்கு ஒரு அடி சரிவு குடுக்கணும். மேஸ்திரி கண்ணால பாத்துச் சொல்றதை ஏத்துக்காதீங்க பெரியப்பச்சி, தண்ணி டியூப் வச்சு மட்டம் பாக்கச் சொல்லுங்க. திரும்புற எடத்துல நேர் முழங்கை வைக்கக் கூடாது, 45 பாகை வளைவு ரெண்டு வச்சு, அங்க ஒரு சின்னத் தொட்டி கட்டணும். பின்னால அடைச்சாத் தொறந்து பாக்கலாம்.

பெரியப்பச்சி, 8:30
எழுதிக்கிட்டேன்.

சென்னைத் தம்பி, 8:33
செலவை அஞ்சு பங்குக்கும் சமமாப் போட்டுருவோமா?

கோலாலம்பூர் சித்தப்பா, 8:34
ஆமா. என் பங்கை நாளைக்கே அனுப்புறேன்.

சனி

நான், பகல் 11:15
காலையில மதுரையில இருந்து வந்துட்டேன். பள்ளம் தோண்டியாச்சு. மதில் ஓரம் வேம்பு வேர் ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சு, விரல் கனம். ரம்பத்தால நறுக்குனு அறுத்தோம், மம்பட்டியால பிய்க்க விடல. அடிமரத்துப் பக்கமே போகல. பெரியாத்தா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாக.

நான், மாலை 4:50
(படம்)
குழாய் போட்டாச்சு. மண்ணு தள்ளுறதுக்கு முன்ன கடைசி வாயை அடைச்சுத் தண்ணி நெறைச்சு ஒரு மணி நேரம் விட்டோம். சொட்டு எறங்கல. இந்தச் சோதனை இல்லாம மூடியிருந்தா பழைய கதைதான். இப்ப மணல் போட்டு மூடுறாக.

டேங்க் மூடி ஓரத்துல அரசங்கன்னு ஒண்ணு மொளைச்சிருந்துச்சு, காக்கா எச்சத்துல விழுந்த விதை. முழங்கை ஒசரம்தான், வேர் அதுக்குள்ள மூடி இடுக்குல எறங்கியிருச்சு. வேரோட பிடுங்கி இடுக்கைப் பூசச் சொல்லிட்டேன். பெரியப்பச்சி, முகப்புல மாடிச் சுவர்லயும் ரெண்டு நிக்குது. அதையும் இந்த வாரமே எடுத்துருவோம். வேம்பைவிட அதுதான் எனக்குப் பயம்.

சிங்கப்பூர் அண்ணே, 5:20
குழாய் போன வழியை வரைஞ்சு வைப்பா. நமக்கப்புறம் வர்றவுகளுக்குத் தெரியணும்.

நான், 5:45
(படம்)
மதில்ல இருந்து எத்தனை அடி, எத்தனை ஆழம், தொட்டி எங்கன்னு எல்லாம் அளந்து போட்டிருக்கேன். ஒரு பிரதி வளவு அலமாரியில பத்திரக் கட்டோட வச்சாச்சு.

பெரியாத்தா, இரவு 7:02 (குரல்பதிவு)
தண்ணி நல்லாப் போகுது. நோன்பன்னைக்கு யாரு யாரு எத்தனை பேர் இழை எடுத்துக்க வர்றீக, நாளைக்குள்ள சொல்லுங்க. திரி வச்சு ஏத்துற இழைமாவுக்கு அரிசி ஊறப் போடணும்.