உப்பங்கழி வரைபடத்துல நாலு பேர் சேர்ந்து ஆட எந்த மோடு முதல்ல?

முகத்துவாரம்_7:
கோடோ 4 எஞ்சின்ல (கேம் செய்யுற மென்பொருள்) ஒரு ஃபேன்டஸி ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமா மாறி ஆடுற கேம். ஒத்த ஆள் ஆட்டம் முடிஞ்சிடுச்சு. இடம் எண்ணூர் கழிமுகம் சாயல்: அலையாத்தி, மணல்திட்டு, நடுவுல இடிஞ்ச கோட்டை, ராத்திரியானா சேத்துல இருந்து எழும்புற பேய்ங்க. 2-லிருந்து 4 பேர் சேர்ந்து ஆட ஒரு மோடு வேணும். யோசனை மூணு: (அ) கதையையே சேர்ந்து ஆடுறது, (ஆ) பேய்ங்க அலை அலையா வரும்போது குப்பத்தைக் காப்பாத்துறது, (இ) எல்லாரும் ஒரே படகுல போய் வேட்டையாடுறது. கோட் எழுத ரெண்டே பேர். ராயபுரத்துல ஒரு கேமிங் சென்டர்ல லேன்ல (ஒரே இடத்துக்குள்ள இருக்குற நெட்வொர்க்) டெஸ்ட் பண்ணிக்கலாம். எதுல கை வைக்கட்டும்?

வாடைக்காத்து:
(அ) பக்கமே போகாதீங்க. ஒருத்தன் கடையில பேரம் பேசிட்டிருப்பான், இன்னொருத்தன் கோட்டைக் கதவைத் திறந்து பெரிய பேயை எழுப்பிடுவான். "இந்த வேலை முடிஞ்சுதா"ங்கிற ஒவ்வொரு குறியும் ஆளுக்கா, உலகத்துக்கான்னு திரும்பப் பிரிக்கணும். ரெண்டு பேருக்கு அது ஒரு வருஷ வேலை. (ஆ) சுலபம், ஆனா நாலாவது ராத்திரியே சலிச்சிடும்.

படகுதான் சரி. ஆனா நாலு பேருக்கும் கத்தி குடுக்காதீங்க, நாலு வேலை குடுங்க: சுக்கான், ஈட்டி, விளக்கு, தண்ணி இறைக்கிறது. விளக்கு இல்லன்னா 6 மீட்டருக்கு மேல பேய் தெரியாது. ஏத்தினா 18 மீட்டர் தெரியும், ஆனா பேயும் அதைப் பாத்துதான் வரும். பேய் அடிச்சா படகுல ஓட்டை. ஒரு ஓட்டைக்கு விநாடிக்கு 2% தண்ணி ஏறட்டும், 100 ஆனா முழுகிடும். வாளி ஒரு வீச்சுக்கு 5%, வீச்சுக்கு 1.5 விநாடி, அதாவது விநாடிக்கு சுமார் 3.3. ஒரு ஓட்டைன்னா ஒருத்தரே சமாளிப்பாரு. ரெண்டாவது விழுந்தா 4-க்கு 3.3, மெதுவா தோத்துட்டே போவாரு. விளக்கு புடிச்சவன் அதைப் போட்டுட்டு வாளிக்கு வரணுமா வேணாமான்னு கத்தல் கிளம்பும். அந்தக் கத்தல்தான் உங்க கேம். ரெண்டே பேர் ஆடினா விளக்கைக் கொக்கியில மாட்ட விடுங்க, வெளிச்சம் மட்டும் பாதியாகட்டும்.

பேசின்பிரிட்ஜ்_கேபிள்:
வாடை சொன்னது சரி. ஆனா எல்லாரும் மாட்டுற இடம் வேற: ஓடுற படகு மேல நிக்கிற ஆளு. ஆளோட இடத்தை உலகக் கணக்குல, அதாவது வரைபடத்துல எங்க இருக்காருன்னு, மத்த மெஷினுக்கு அனுப்பினா, படகு ஒரு நேரத்துல வந்து சேரும், ஆளு ஒரு நேரத்துல வருவாரு. மத்தவங்க திரையில அவரு கால் பலகையில நிக்காம நடுங்கிட்டே இருப்பாரு, வேகமாத் திருப்பினா தண்ணிக்கு மேல மிதப்பாரு. அதனால எந்தப் படகுங்கிற எண்ணும், படகுக்குள்ள எவ்வளவு தள்ளி நிக்கிறாருங்கிற கணக்கும் மட்டும் அனுப்புங்க.

அதுக்காக ஆளோட நோடைப் (கோடோல ஒவ்வொரு பொருளும் ஒரு நோடு) படகுக்குக் கீழ தூக்கிப் போட்டுடாதீங்க. கோடோல சிங்க் (எல்லா மெஷின்லயும் ஒண்ணா வைக்கிறது) நடக்குறது நோடோட பாதையை வெச்சு. தாய் நோடு மாறினா பாதை மாறும், அடுத்த மெஷின்ல "நோடு கிடைக்கல"ன்னு சிவப்பா எரர் கொட்டும். ஆளுங்க எப்பவும் ஒரே பொது நோடுக்குக் கீழயே இருக்கட்டும்.

அந்த சிங்க் வேலையைப் பாக்குற மல்டிபிளேயர்சிங்க்ரனைசர் நோடுல இடைவெளி 0.05 விநாடி வைங்க, அதாவது விநாடிக்கு 20 தடவை. அடுத்தவங்க அசைவை 100 மில்லிசெகண்ட் பின்னாடி காட்டி, வந்த ரெண்டு தகவலுக்கு நடுவுல உள்ள அசைவை நிரப்புங்க. லேன் டெஸ்ட்டை நம்பிடாதீங்க, அங்க பிங் (தகவல் போய்த் திரும்புற நேரம்) 1 மில்லிசெகண்ட், எல்லாமே வெண்ணெயா ஓடும். கிளம்ஸி (நெட்டை வேணும்னே கெடுத்துக் காட்டுற மென்பொருள்) போட்டு 120 மில்லிசெகண்ட் தாமதமும் 2% தகவல் இழப்பும் குடுத்துப் பாருங்க. வீட்டு ஃபைபர் இணைப்பு நிறையது சிஜிநாட்டுக்குப் (பல வீடுங்களுக்கு ஒரே பொது ஐபி முகவரி) பின்னாடி இருக்கு. போர்ட் திறந்தாலும் வெளியில இருந்து ஆள் உள்ள வர முடியாது. ஸ்டீம் ரிலே மாதிரி நடுவுல நின்னு தகவலைக் கடத்துற சர்வர் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

முகத்துவாரம்_7:
நோடு மேட்டர்ல ஏற்கெனவே மாட்டிட்டோம்ணா, இப்பதான் காரணம் புரியுது. ஆள் கூடினா பேயோட உயிரை எவ்வளவு ஏத்துறது? கிடைக்கிற பொருளை எப்படிப் பிரிக்கிறது?

கரைவலை_தம்பி:
டயப்லோ 2 கேம்ல கூடுதலா வர்ற ஒவ்வொருத்தருக்கும் எதிரியோட உயிர் 50% ஏறும், நாலு பேர்னா 2.5 மடங்கு. அங்க நாலு பேரும் அடிப்பாங்க. உங்க படகுல ஈட்டி ஒருத்தர் கையில. உயிரை ஏத்தினா அவருக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். பேய் வர்ற திசையைக் கூட்டுங்க: 2 பேர்னா ஒரு பக்கம், 4 பேர்னா மூணு பக்கம். ஏற்கெனவே வந்து நிக்கிற பேயோட கணக்கை நடுவுல மாத்தாதீங்க, புதுசா வர்றதுக்கு மட்டும்.

பொருளை மீன்பிடி படகுல மாதிரி பங்கு போடுங்க. படகுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு, கரைக்கு வந்த பிறகு. முதல்ல ஓடி எடுக்கிறவனுக்கேன்னு விட்டா சுக்கான் புடிக்க ஒருத்தனும் வரமாட்டான். படகுப் பங்குல பலகை, விளக்கு எண்ணெய் வாங்கிக்கலாம். ஒரு கணக்கு பாத்துக்கோங்க: ரெண்டு பேர் 60 காசு புடிச்சா மூணு பங்கு, ஆளுக்கு 20. நாலு பேர்னா அஞ்சு பங்கு, 100 புடிச்சாலும் அதே 20-தான். நாலு பேருக்குக் குறைஞ்சது 110 காசு வர்ற மாதிரி வைங்க. இல்லன்னா ரெண்டு ரெண்டு பேராவே போவாங்க.

முகத்துவாரம்_7:
நடுக்கழியில ஒருத்தருக்கு நெட் போச்சுன்னா?

பேசின்பிரிட்ஜ்_கேபிள்:
அவரு உருவம் 60 விநாடி படகுலயே குந்தியிருக்கட்டும், பேய் தொடக்கூடாது. திரும்பி வந்தா அதே இடம். ஹோஸ்ட்டே (ஆட்டத்தை நடத்துற மெஷின்) போனா ஆட்டம் முடிஞ்சுது. ஹோஸ்ட் மாத்துற கோட் ரெண்டு பேரால ஆகாது. ஒவ்வொரு திட்டுல இறங்கும்போதும் சேவ் பண்ணி, அந்த சேவ் ஃபைலை நாலு பேருக்கும் அனுப்பிடுங்க. யார் வேணா அங்கிருந்து திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்.