மறு: ‘பேஸ்’: தளமா, முகாமா, பெரட்டுக்களமா?

விளையாட்டுச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுகிற அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

> ‘பேஸ்’ என்பதற்குத் ‘தளம்’ போதுமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

போதாது. பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற ‘பால்வேர்ல்டு’ கணினி விளையாட்டுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதும்போதே இடித்தது. அதில் நாம் அமைக்கிற இருப்பிடம்தான் ‘பேஸ்’. ‘தளத்துக்குப் போய்ப் பாருங்கள்’ என்று எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தால், இணையத்தளத்துக்குப் போகச் சொன்ன மாதிரி இருக்கிறது. ‘முகாம்’ இன்னும் மோசம். இலங்கையில் அதைக் கேட்டால் ஒன்றில் ஆமி நினைவுக்கு வரும், அல்லது அகதிகள். ஆடு மேய்கிற இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

அங்கே பிடிக்கிற ‘மான்ஸ்டரை’த் தமிழில் எப்படி அழைப்பது என்ற சண்டையை நான் நீட்டவில்லை. மேடு ஏறத் தெரியாமல் உருண்டு விழுகிற லாம்பால் என்ற ஆட்டுப் பிராணியை ‘அரக்கன்’ என்றால் நுவரெலியாவில் எந்த ஆடும் சிரிக்கும். ‘பிராணி’ என்றே வைப்போம்.

பேஸுக்கு வருகிறேன். வெறுமனே வீடு கட்டுகிற இடம் என்றால் ‘மனை’ என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் 2024 ஜனவரியில் இந்த விளையாட்டு வந்தபோது என்னை இழுத்ததே, பிடித்த பிராணியைச் சண்டைக்கு மட்டுமல்லாமல் வேலைக்கும் விடலாம் என்பதுதான். ‘பால்பாக்ஸ்’ என்ற பெட்டியை நட்டால் சுற்றிலும் பேஸின் எல்லையாக ஒரு வட்டம் விழும். அதற்குள் இறக்கிவிட்ட பிராணி தனக்குத் தெரிந்த வேலையைப் பார்க்கும். லாம்பால் பட்டியில் நின்று கம்பளி தரும், சிக்கிப்பி முட்டையிடும், கெட்டிவா கல்லுடைக்கும்.

போன வாரம் ஹட்டனில் அக்காவின் மகள் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். “கெட்டிவாவ பெரட்டுக்கு விட்டுட்டேன் மாமா, கல்லொடைக்கப் போயிருச்சு” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அவள் பெரட்டில் நின்றவள் இல்லை. வீட்டில் கேட்ட சொல்.

தேயிலைத் தோட்டம் தெரியாத நண்பர்களுக்கு: காலையில் தொழிலாளர் கூடி நிற்க, இன்னார் கொழுந்து பறிக்க, இன்னார் கவ்வாத்துக்கு (செடியை வெட்டிவிட), இன்னார் புல்வெட்டுக்கு என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. கூடுகிற இடம் பெரட்டுக்களம். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து வாயில் இப்படி ஆனது என்பார்கள். விளையாட்டில் நடப்பதும் அச்சொட்டாக இதுதான்.

> அந்தச் சொல்லில் எங்கள் ஆட்களின் வலி இருக்கிறது. விளையாட்டுக்கு எடுக்கலாமா?

எனக்கும் இதுதான் உறுத்தியது. அதனால் அப்பாயியிடமே கேட்டேன். கொழுந்து நிறை குறைந்த நாட்களில் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, வீடு திரும்பியவர். ஓய்வில்லாமல் வேலைபார்த்து மனநிலை இறங்கிய ஒரு லாம்பாலைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நோவு வந்தா மருந்து குடுப்பாங்களா?”

கொடுக்கலாம், அலுப்புத் தீர வெந்நீர்க் குளியலும் கட்டிவைக்கலாம் என்றேன்.

“அப்ப நம்ம தோட்டத்த விட பரவால்ல” என்றவர், சொல்லை எடுக்கலாமா என்றதற்கு, “எடுத்துக்க, அது என்ன தொரை வீட்டுச் சாமானா?” என்றார்.

ஆகவே என் முன்மொழிவு: பேஸ் என்பது ‘பெரட்டுக்களம்’, இரண்டாம் முறையிலிருந்து வெறும் ‘களம்’. பிராணியை வேலைக்கு இறக்குவது ‘பெரட்டுக்கு விடுதல்’. ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.

‘பெரட்டு’ என்றதும் சிலருக்கு இறைச்சிப் பிரட்டல் ஞாபகம் வரலாம். பிராணிகளை வெட்டுகிற கத்தியும் விளையாட்டில் இருக்கிறதுதான். அதற்குத் தனி இழை திறப்போம்.