பேரெழுத்தும் கூற்றும்: தொடக்க வகுப்புக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

ஐந்தாம் வகுப்பு வரைக்குமான நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டு சொற்களைப் பற்றி என் கருத்து இது. முதலில், ஆங்கிலப் பெயர்களின் தொடக்கத்தில் வரும் பெரிய எழுத்துக்கு (capital letter) 'முதலெழுத்து' என்று நம் குழுவில் அக்கா சொன்னதை ஏற்க முடியவில்லை. உயிர் 12, மெய் 18 ஆக 30-ம் முதலெழுத்து என்று பிள்ளைகள் இலக்கண வகுப்பில் படிக்கிறார்கள். 'தலைப்பெழுத்து' இனிஷியலுக்குப் போய்விட்டது. 'பேரெழுத்து' நல்ல சொல். பெரிய எழுத்து என்றும் கொள்ளலாம், பேரின் எழுத்து என்றும் பிரிக்கலாம். "பேருக்குப் பேரெழுத்து" என்று சொல்லிக்கொடுத்தால் எங்கள் தக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாக்கிலேயே நின்றுவிடும். அப்படி எழுதும் செயலுக்குப் 'பேரெழுத்திடல்'.

தமிழிலும் மலையாளத்திலும் இந்தப் பெரிய, சிறிய பாகுபாடே கிடையாது. பிள்ளை தடுமாறுவது எது சிறப்புப்பெயர் என்பதில்தான். வெறும் கடலுக்குச் சிற்றெழுத்து. அரபிக்கடல் என்று ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் பேரெழுத்து. 'என் அம்மா' என்றால் அம்மாவுக்குச் சிற்றெழுத்து, பேரைப்போல 'அம்மா' என்று கூப்பிட்டால் பேரெழுத்து.

அடுத்தது, கதையைச் சொல்பவர் யார் என்பது. இதற்குப் 'பார்வைக்கோணம்' வேண்டவே வேண்டாம். அகப்பாட்டுக்குக் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறித்துவைத்த மரபு நம்முடையது. கதையை 'நான்' என்று சொன்னால் தன்மைக் கூற்று, 'அவன்', 'அவள்' என்று சொன்னால் படர்க்கைக் கூற்று என்றால் முடிந்தது. யார் கண்ணால் கதை தெரிகிறது என்பது வேறு விஷயம். அதற்கு 'நோக்குநிலை' ஏற்கெனவே புழங்குகிறது, மேல்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

குளச்சல் பக்கத்துப் பிள்ளை ஒன்றின் கட்டுரை நோட்டில் இப்படி இருந்தது: "அப்பாகூடக் கரமடி இழுக்கப் போனேன். கயிறு கையை அறுத்தது. பையன் விடாமல் இழுத்தான்." (கரமடி என்பது கரையில் நின்று இழுக்கும் மீன்வலை.) மூன்றாவது வாக்கியத்தில் தன்னையே 'பையன்' என்று எழுதியதால் கூற்று மாறிவிட்டது. 'நான்' என்ற சொல்லே இதில் இல்லை, 'போனேன்' என்பதன் விகுதியே ஆளைக் காட்டிவிட்டது. ஆகவே கூற்றை வினைமுற்றில் தொட்டுக் காட்டித்தான் தொடங்க வேண்டும்: இழுத்தேன், இழுத்தான். ஆங்கிலப் பாடத்தில் செய்வதுபோல 'நான்' இருக்கிறதா என்று தேடச் சொன்னால் தமிழ்க் கதையில் பாதி நேரம் அகப்படாது. விளவங்கோட்டுப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு இதில் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். மலையாளத்தில் நான் வந்தாலும் அவன் வந்தாலும் வினை ஒன்றே, 'வந்நு'.

முன்னிலைக் கூற்றையும் சேர்க்கலாமா என்று ஐயா கேட்டிருந்தார். 'நீ' என்று விளித்தே முழுக்கச் சொல்லும் கதை அரிது. ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பட்டியலில் அது வேண்டாம் என்பது என் கருத்து.