போன் கடலுக்குப் போனால் மனு என்ன ஆகும்?

மண்டபம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. பக்கத்து வீட்டு மதினி பாசி எடுக்கப் போகிறவர். தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வராமல் குடம் குடமாகக் காசுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஆன்லைனில் மனுப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் வீட்டில் ஒரே போன்தான். அது அண்ணனோடு தொழிலுக்குப் போய்விடும். ஓடிபிக்காக அண்ணன் கரைக்கு வரும்வரை காத்திருந்துதான் பதிவு செய்தோம். பிறகு அதிகாரிகள் விசாரிக்கக் கூப்பிட்ட நேரத்தில் வள்ளம் சிக்னல் இல்லாத இடத்தில் கிடந்திருக்கிறது. 'மனுதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. ஏட்டில் அது தீர்ந்த மனு. மதினி அன்றைக்கும் தண்ணீர் வாங்கினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் கைகொடுத்ததும் இணையம்தான். 2020 ஏப்ரலில் வந்த இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசுத் தளத்தில், மத்திய நிதிக்குழு மானியத்தில் நம் ஊராட்சி போட்ட திட்டம், செய்த செலவு எல்லாம் இருக்கிறது. பார்க்க ஓடிபி வேண்டாம். எங்கள் ஊர்க் கணக்கில் குடிநீர்க் குழாய் பராமரிப்பு என்று ஒரு பதிவு இருந்தது. வேலையின் பெயரையும் தொகையையும் மதினி மகள் நோட்டில் எழுதிக்கொண்டார்.

2025 ஜனவரியில் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. போய்க் கேட்கத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் இருந்தார். அதனால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மதினி எழுந்து அந்தப் பதிவை வாசித்தார். "சார், இந்த வேலை எந்தத் தெருவுல நடந்துச்சு?" செயலர் பதிவேட்டைப் புரட்டினார். பின்வரிசைப் பெண்கள் "எங்க தெருவுல இல்ல" என்று ஒரே குரலில் சொன்னார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. மேட்டுத்தெருவுக்கு இன்னும் ஏறவில்லை.

போனில் போட்ட மனுவைத் தனியாக இருந்து ஒருவர் மூடிவிடலாம். ஊர் கூடிக் கேட்ட கேள்வியை அப்படி மூட முடியாது. அதே போனில் கிடைத்த கணக்குதான் அந்தக் கேள்விக்கு பலம்.

மார்ச் 22 சபைக்கு இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். ஊராட்சிச் செலவுக் கணக்கை மாதாமாதம் அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். மனுதாரர் போனை எடுக்காவிட்டால் நேரில் வந்து பார்க்காமல் மனுவை முடிக்கக் கூடாது.