ஒரு வயது தாண்டியும் தாய்ப்பால்: அனுபவப் பகிர்வு

தாய்ப்பால் ஆலோசகர்:
"ஒரு வயசுக்கு மேல பால்ல சத்தே இருக்காது" என்று சொல்லியே பல தாய்மார்களை நிறுத்த வைத்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது உண்மையில்லை. இரண்டாம் வயதில் நாளுக்குச் சுமார் 450 மி.லி. குடித்தாலே, குழந்தைக்கு வேண்டிய கலோரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிடும். லைசோசைம் போன்ற நோய் எதிர்ப்புப் பொருள்களின் செறிவும் இந்தக் கட்டத்தில் கூடுகிறது. 2 வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

வயிற்றுப்போக்கு வரும்போது இதன் அருமை தெரியும். சாப்பாட்டைக் கண்டாலே முகம் திருப்பும் குழந்தை மார்பை மட்டும் விடாது. அதற்காக ஓ.ஆர்.எஸ். கரைசலை விட்டுவிடாதீர்கள். 2 வயதுக்குள் என்றால், ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி.

குழந்தை நல மருத்துவர்:
சிக்கல் வருவது இரும்புச்சத்தில். ஒரு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 7 மி.கி. வேண்டும்; தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மி.கி.கூட இல்லை. நன்றாக உறிஞ்சப்பட்டாலும் அளவு போதாது. ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டுப் பகலில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத குழந்தைகளின் உதடும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருப்பதைப் பார்க்கிறோம். பாலை நிறுத்துவது இதற்குத் தீர்வல்ல. சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் பால் வேண்டாம். முதலில் சாப்பாடு, பிறகு மார்பு. நாளுக்கு 3, 4 வேளை உணவு. அதில் முட்டை, இறைச்சி அல்லது பருப்பு. பருப்பு, கீரையோடு வைட்டமின் சி உள்ள பழம் சேர்ந்தால்தான் இரும்பு சரியாகச் சேரும்.

பல் மருத்துவர்:
மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்புபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது, உடனே காட்டுங்கள். இரவில் அடிக்கடி குடிப்பதோடு பகலில் இனிப்பும் சேரும்போது வேகமாகப் பரவும். 3 வயது வரை அரிசிமணி அளவு ஃபுளோரைடு பற்பசை, காலையும் இரவும். குழந்தை மார்போடு தூங்கிவிட்டால், வாயோரம் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்து எடுத்துவிடுங்கள்.

தாய்ப்பால் ஆலோசகர்:
நிறுத்த முடிவெடுத்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பால் கட்டிக்கொண்டு மார்பு வீங்கிக் காய்ச்சல் வரும். முதலில் பகல் வேளை ஒன்றைக் குறையுங்கள், சில நாள் விட்டு அடுத்தது. தூங்கப்போகும் நேரத்துப் பால் கடைசியில். கனம் தாங்காவிட்டால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். முழுவதும் எடுத்தால் மறுபடி சுரக்கும்.