கிளாரினெட் பேடை சூப்பர் க்ளூவில் ஒட்டிவிட்டேன், காப்பாற்றுங்கள்

மரக்குழல்:
மர கிளாரினெட். கீழ்ப்பகுதியில் ஒரு பேட் (துளையை மூடும் சிறு மெத்தை) கழன்று விழுந்தது. கையில் இருந்த சூப்பர் க்ளூவை இரண்டு சொட்டு விட்டு ஒட்டினேன். பேட் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது, இப்போது அசைக்கவே முடியவில்லை. கீழ் சுரங்கள் எதுவும் வரவில்லை. நடு இணைப்பில் கார்க்கும் பெயர்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பசை போதாதா?

தக்கை:
போதாது. பேடை ஒட்டியதும் வேலை முடிவதில்லை. கீயின் (விரலால் அழுத்தும் உலோக நெம்பு) கிண்ணத்தை, அதாவது பேட் உட்காரும் குழியைச் சூடாக்கி, பேட் துளையின் விளிம்போடு சுற்றிலும் பொருந்தும்வரை நகர்த்த வேண்டும். அதனால் சூட்டில் மறுபடி இளகும் பசைதான் ஆகும். ஷெல்லாக் அரக்கு சுமார் 80 டிகிரியில் இளகிவிடும். ஆனால் குளிரில் நொறுங்கும், ஒரு தட்டு தட்டினால் பேட் தெறிக்கும். சின்ன பேடுகளுக்கு நான் ஹாட் க்ளூதான். சுடரை உலோகத்துக்கு மட்டும் காட்டுங்கள், பேடின் மெல்லிய தோல் நொடியில் கருகிவிடும்.

இப்போது ஒட்டியிருப்பதை என்ன செய்வது? கீயைக் கழற்றி, பழைய பேடைப் பிய்த்து எறியுங்கள். மிச்சப் பசையை அசிட்டோனில் துடைக்கலாம். கருவியின் பக்கமே அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள்.

ஊதுகுழல்77:
கீ மேல் லாக்கர் பூச்சு இருந்தால் அசிட்டோன் அதையும் உரித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்க்குக்கு கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை. பழைய பசையையும் கார்க் கிரீஸையும் சுத்தமாக எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வரும். அவசரக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுவார்கள்; நானும் விட்டிருக்கிறேன்.

அந்த சூப்பர் க்ளூவைத் தூக்கிப் போடாதீர்கள். மரத்தில் மயிரிழை விரிசல் வந்தால், நீர்போல ஓடும் வகை உள்ளே இறங்கிப் பிடிக்கும். எண்ணெய் பூசிய மரத்தில் மட்டும் பிடிக்காது.

மரக்குழல்:
பேட் மாற்றியாயிற்று, கார்க்கும் நிற்கிறது. அடி சுரம் மட்டும் இன்னும் காற்றாகவே வருகிறது.

தக்கை:
சிகரெட் தாளை மெல்லிய கீற்றாக வெட்டி, பேடுக்கு அடியில் வைத்து, கீயை லேசாக மூடி இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தளர்வாக வருகிறதோ அங்கேதான் கசிவு. கிண்ணத்தை மறுபடி சூடாக்கி அந்தப் பக்கம் பேடை இறக்குங்கள்.

மரக்குழல்:
பின்பக்கம்தான்! இறக்கிவிட்டேன், இப்போது பேசுகிறது.