புதுப்பிப்பு: அப்பாவின் சுண்ணாம்பு படிந்த இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று

சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய அப்பாவுக்கு இதய இரத்தக் குழாயில் சுண்ணாம்பு (கால்சியம்) இறுகி, அடைப்பை விரிக்கும் பலூன் விரியாமல் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க முடியவில்லை. பைபாஸ்தான் வழியா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பதிலில் ஈப்போ அக்கா சொன்ன அதிர்வலை பலூன் (ஒலி அதிர்வால் சுண்ணாம்பை உடைப்பது). கோலாலம்பூர் டாக்டர் முதலில் குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு வளையல்போல் சுற்றியிருந்தது. எதிர்பாராத விஷயம், அதிர்வலை பலூன் அடைப்பைத் தாண்டவே இல்லை. அது சாதாரண பலூனைவிடத் தடிமனாம். ரோட்டா எனும், வைரத்தூள் பதித்த சுழலும் முனையால் குடைந்து வழி செய்த பிறகுதான் நுழைந்தது. ஆக, ரோட்டா பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லிப் பதில் போட்ட தம்பி சொன்னதும் சரிதான்!

அதிர்வலை பலூனை 4 அட்மாஸ்பியர் அழுத்தத்தில்தான் ஊதுகிறார்கள். சுண்ணாம்பை உடைப்பது ஊதும் அழுத்தம் அல்ல, உள்ளிருந்து வரும் ஒலி அதிர்வு. சுண்ணாம்பு அங்கேயே விரிசல் விடும். அப்புறம் சாதாரண பலூன் முழுசாக விரிந்தது, ஸ்டென்ட்டும் நன்றாகப் பொருந்தியது.

இந்தக் கருவிகளுக்குத் தனிச் செலவு, முன்பே கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் தொடர்கின்றன. பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாதாம்.